ஊசி மருந்தில் உறையும் துணைப்பொருள்கள்

குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் பொறிக்கப்பெற்ற இசைக் கல்வெட்டைத் தமிழகம் நன்கறியும். இசையில் பாட்டிற்குத் துணைநிற்பது சுருதி. கேட்போர் அதனைத் தனியே எண்ணுவதில்லை. அது பிசகினாலோ பாட்டே கெடும். மருந்திலும் இத்தகைய துணைகள் உண்டு. அவற்றுள் ஊசி மருந்தில் கலந்திருப்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

நோய் தீர்க்கும் பொருளைச் செயற்படு பொருள் என்பர். அதனைக் கரைக்கவும், கெடாது காக்கவும், குருதியோடு ஒத்துப்போகச் செய்யவும் சேர்க்கப்படுவன செயலுறாப் பொருள்கள். வாய்வழி உண்ணும் மருந்து குடலையும் கல்லீரலையும் கடந்தே உடலெங்கும் பரவுகிறது. ஊசி மருந்திற்கு அக்காவல் இல்லை. ஆதலின் அதில் சேர்ப்பனவற்றை மிகுந்த விழிப்புடன் தெரிந்தெடுக்கின்றனர்.

வயல் சூழ்ந்த குடுமியான்மலை போன்ற ஊர்களுக்கு இன்றியமையாத பாம்புக்கடி மருந்தையே சான்றாகக் கொள்வோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்க, குதிரையின் குருதியினின்று பெறப்படும் எதிர்ப்பொருளே இதன் உயிர்நாடி. அதனை உலர்த்திப் பொடியாக்குங்கால் சிதையாது காப்பது கிளைசின். உடல்நீரோடு உப்பளவை ஒப்பச் செய்வது சோடியம் குளோரைடு, அஃதாவது நம் சமையலுப்பு. நுண்ணுயிர் வளராது தடுப்பது கிரெசால்; அதன் அளவு 0.25 விழுக்காட்டிற்கு மிகுதல் ஆகாது.

புதுக்கோட்டைச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலைக்கும் இங்கு இடமுண்டு. ஆர்சனிக் நஞ்சேறியவர்க்கு இடும் டைமெர்காப்ரால் நீரில் நிலைத்து நில்லாது. கடலை எண்ணெயில் கரைத்தே தசையில் செலுத்துவர். கடலை ஒவ்வாதவர்க்கோ அவ்வெண்ணெயே இடராகும்.

‘செயலுறாப் பொருள்’ என்னும் பெயர் நம்மை ஏமாற்றிவிடலாகாது. அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளின் குழாய்களைக் கழுவப் பயன்பட்ட உப்புநீரில், கெடாமைக்காகப் பென்சைல் ஆல்ககால் சேர்க்கப்பட்டிருந்தது. வளர்ந்தோர்க்குச் சிற்றளவில் தீங்கிழைக்காத அப்பொருளைப் பிஞ்சுக் கல்லீரலால் மாற்றி வெளியேற்ற இயலவில்லை. மூச்சுத் திணறி 16 குழந்தைகள் மாண்ட செய்தி 1982இல் வெளிவந்தது. அதன்பின் பச்சிளங் குழந்தைகட்கு அதனைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினர்.

சில தடுப்பூசிகளில் விலங்குவழி ஜெலட்டின் சேர்வதுண்டு. அதுபற்றி எழுந்த ஐயத்திற்கு, 1995இல் குவைத்தில் நடந்த இசுலாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு விடை கண்டது. மூலப்பொருளின் தன்மை மாறி முற்றிலும் வேறு பொருளானது தூயதே, ஏற்கத்தக்கதே என்பது அம்முடிவு.

எனவே ஊசி இடுமுன், நமக்கு ஒவ்வாதவை எவை, ஊசி கைக்குழந்தைக்கா, முன்னர் எம்மருந்து தீங்கு செய்தது என்பனவற்றை மருத்துவரிடம் தயங்காது உரைப்போம். உள்ளிருக்கும் பொருள் யாதெனக் கேட்போம். அச்சத்தால் மருந்தை மறுத்தல் பேதைமை. பாம்பு கடித்தவர்க்கு அது சாவையே தேடித்தரும். அறிந்து ஏற்றலே அறிவுடைமையாம்.