இரண்டாவது குவார்ட்டர்பேக் எப்போது இறங்க வேண்டும்?

1999-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். ஒருவர் டாம் பிரேடி. 1995-ல் வந்து சேர்ந்து, மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்து, முந்தைய ஆண்டுதான் முதல் இடத்தைப் பிடித்தவர். மற்றவர் அந்த மாநிலமே கொண்டாடிய இளைஞர் ட்ரூ ஹென்சன். இருவரில் யாரை இறக்குவது? பயிற்சியாளர் லாய்ட் கார் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார். முதல் கால்பகுதி பிரேடிக்கு, இரண்டாவது ஹென்சனுக்கு. இடைவேளையில் அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ, மிச்ச ஆட்டம் அவருக்கு.

அக்டோபரில் மிச்சிகன் ஸ்டேட் அணியுடன் மோதியபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. இடைவேளைக்குப் பின் ஹென்சன்தான் இறங்கினார். அணி பின்தங்கியதும் பிரேடியைத் திரும்ப அழைத்தார் கார். பிரேடி கிட்டத்தட்ட மீட்டே விட்டார். ஆனாலும் 34-31 என்று தோல்வி. பங்கீடும் சீக்கிரமே கைவிடப்பட்டது. அன்று எதிரணியின் பயிற்சியாளராக நின்றவர் நிக் சேபன். அவருக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

இந்த இடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? மற்ற வீரர்களைக் களைப்புக்கு ஏற்ப மாற்றி மாற்றி இறக்கலாம். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் மட்டும் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி: ஒருவர் ஆடினால் இன்னொருவர் வெளியே உட்கார வேண்டியதுதான். பயிற்சியிலும் கற்றுக்கொள்ள வழி குறைவு. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சிக்கு அனுமதி. அதில் பெரும்பங்கு முதல் ஆளுக்குப் போய்விடும். போதாததற்கு, குவார்ட்டர்பேக் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்வார்; அவரை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது. 130 கிலோ ஆள் பாய்ந்து வரும்போது பந்தை எங்கே வீசுவது என்பதை உண்மையான ஆட்டத்தில்தான் பழக முடியும்.

அந்தக் காலத்தில் பயிற்சியாளர் ராஜா. ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு 1973 வரை தேசிய வரம்பே கிடையாது. திறமையான பையன்களைக் குவித்து வைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஆடாவிட்டாலும் எதிரணிக்குப் போகாமல் இருந்தால் சரி. 1972 வரை முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடவே முடியாது. பிறகு கதவு திறந்தது, ஆனால் வேறொரு பூட்டு இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது விதி. ஒரே ஒரு ஆட்டத்தில் தலைகாட்டினாலும், காயம் போன்ற விலக்கு இருந்தாலொழிய, அந்த சீசன் கணக்கில் ஏறிவிடும். அதனால் புதுப் பையனை ஒரு வருடம் ஒளித்து வைப்பார்கள். வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பதால் ஓடிப்போகவும் மனம் வராது. பிரேடிகூட சொந்த ஊர்ப் பக்கமிருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாமா என்று யோசித்துவிட்டுத் தங்கியவர்தான்.

இப்படிக் காத்திருப்பவருக்குக் கிடைத்ததென்ன? 42-0 என்று ஆட்டம் முடிந்துபோன பிறகு கடைசிப் பத்து நிமிடம். அதிலும் பந்தை வாங்கி ஓட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் வேலை. தோற்றுப்போன எதிரணிமேல் பந்தை வீசிப் புள்ளி குவிப்பது மரியாதையல்ல என்றொரு எழுதாத சட்டம் உண்டு. நல்ல பண்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் இரண்டாவது குவார்ட்டர்பேக். அதை அனுபவம் என்று சொல்வது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதைப் படிப்பு என்று சொல்வது போலாகும்.

விதிவிலக்குகள் இருந்தன. 1994-ல் நெப்ராஸ்காவின் டாமி ஃப்ரேசியருக்குக் காலில் ரத்தக்கட்டி வந்தபோது, ப்ரூக் பெரிங்கர் சீசனின் பெரும்பகுதியைத் தாங்கினார். அணி தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றது. 1997-ல் ஃபுளோரிடாவின் ஸ்டீவ் ஸ்பரியர், அதுவரை தோற்காத ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக டக் ஜான்சனையும் நோவா பிரிண்டிஸையும் ஒவ்வொரு பந்துக்கும் மாற்றி மாற்றி அனுப்பி 32-29 என்று வென்றார். அது ஸ்பரியரின் குறும்பு. மற்றவர்கள் பின்பற்றக் கூடியதல்ல. எனக்குப் பிடித்தது அதே ஃபுளோரிடாவில் 2006-ல் அர்பன் மேயர் செய்தது. கிறிஸ் லீக்தான் முதல் ஆள். முதலாண்டு மாணவர் டிம் டீபோவுக்குத் தனியாக ஒரு வேலை கொடுத்தார்: இரண்டு மூன்று கெஜம் தேவைப்படும் நெருக்கடியில் இறங்கி முட்டிக்கொண்டு ஓடுவது. ஆட்டம் சூடாக இருக்கும்போதே அவர் களத்தில் நின்றார். அணி பட்டம் வென்றது. மறுவருடம் டீபோ, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார்.

2018 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஜனவரி 8 அன்று தேசிய இறுதி ஆட்டம். அப்போது அலபாமாவின் பயிற்சியாளர், நிக் சேபன். இடைவேளையில் ஜார்ஜியாவிடம் 0-13. தொடங்கிய 27 ஆட்டங்களில் 25-ஐ வென்ற ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 41 கெஜ வீச்சு, 26-23 என்று பட்டம். சூதாட்டம் என்றார்கள். முழுக்க அப்படியில்லை. அந்த சீசனின் ஒருதலைப்பட்ச ஆட்டங்களில் டுவாவைச் சும்மா பந்தைக் கைமாற்ற மட்டும் விடாமல் வீசவும் விட்டிருந்தார் சேபன். பையனுக்குக் கை பழகியிருந்தது. ஹர்ட்ஸும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அதே வருடம் டிசம்பரில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவா அடிபட்டு வெளியேற, இரண்டாவது ஆளாக வந்து 35-28 என்று வென்று கொடுத்தார். படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் ஓக்லஹோமாவுக்குப் போனார்.

அந்த ஆண்டு விதி மாறியது. நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் வருடம் கணக்கில் ஏறாது என்று ஆனது. புதுப் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுக்கத்தான் இந்தச் சலுகை. கிளெம்சனில் நடந்தது வேறு. பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி முதல் நான்கு ஆட்டங்களில் மூத்தவர் கெல்லி பிரையண்டையும் முதலாண்டு டிரெவர் லாரன்ஸையும் பகிர்ந்து ஆடவைத்துவிட்டு, இனி லாரன்ஸ்தான் என்றார். பிரையண்ட் சரியாக நான்கு ஆட்டம் ஆடியிருந்தார், வருடம் பத்திரம். மூட்டை கட்டிவிட்டார். அந்த வாரமே சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் அடிபட்டார். மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறி சில நாளே ஆன சேஸ் பிரைஸ், 94 கெஜம் அணியை நகர்த்தி 27-23 என்று காப்பாற்றினார். கிளெம்சன் அந்த சீசனில் 15-0. பிரைஸ் இல்லாவிட்டால் அந்தப் பூஜ்யம் இருந்திருக்காது.

அடுத்தடுத்து வந்தவை தெரிந்த கதைதான். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் மாறுதல் போர்ட்டல். 2021-ல் முதல் மாறுதலுக்கு ஒரு வருடக் காத்திருப்பு நீங்கியது. 2024-ல், படிப்பில் தேறியிருந்தால், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் வீரர்களுக்கு விளம்பர வருமானம். 2025 ஜூலை முதல் கல்லூரியே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பெஞ்சில் இருப்பவருக்கு இப்போது ஊர் முழுக்க வாசல் திறந்திருக்கிறது.

அதனால் பயிற்சியாளரின் கணக்கு மாறிவிட்டது. முன்பு காயத்துக்கும் அடுத்த வருடத்துக்குமாக ஆளைத் தயார் செய்தார். இன்று ஆளைத் தக்கவைக்கவே நிமிடங்களை அளக்கிறார். அதுவும் பலிப்பதில்லை. 2024 டிசம்பரில் பென் ஸ்டேட் பட்டத்துக்கான சுற்றுக்குள் நுழைந்திருந்தது. சீசன் முழுக்க நடு நடுவே இறக்கப்பட்ட இரண்டாவது குவார்ட்டர்பேக் போ பிரிபுலா, போர்ட்டல் திறந்ததும் கிளம்பி மிசௌரிக்குப் போனார். அதே மாதம் ஜார்ஜியாவின் முதல் ஆள் கார்சன் பெக்குக்கு முழங்கையில் காயம். 2022-லிருந்து பொறுமையாக இருந்த கன்னர் ஸ்டாக்டன், இடைவேளைக்குப் பின் இறங்கி, டெக்சஸுக்கு எதிராக அணியை 22-19 என்று வெல்லவைத்தார். ஆனால் அவர் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொடங்கிய கல்லூரி ஆட்டமே பட்டச் சுற்றின் காலிறுதி. நோட்ரே டேமிடம் 10-23 என்று தோற்றார்கள். மூன்று வருடத்தில் அவருக்கு ஒரு முழு ஆட்டமாவது கொடுத்திருக்கலாம்.

என் கட்சி இதுதான். செப்டம்பரில், பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்து அழைக்கும் சிறிய அணிகளுடன் ஆட்டம் நடக்கும். அங்கே முதல் பாதியிலேயே, மூன்றாவது முறை பந்து கைக்கு வரும்போது, இரண்டாவது ஆளை இறக்க வேண்டும். அவருக்கு முன்னால் முதல்தரத் தடுப்பு வரிசை நிற்க வேண்டும். ஆட்டத் திட்டம் முழுவதும் அவருக்கும் திறந்திருக்க வேண்டும். முந்தைய நாளே இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். ஒரு பந்து எதிரணியிடம் போய்விட்டது என்பதற்காக உடனே வெளியே இழுக்கக் கூடாது. முதல் ஆள் சொதப்பியதற்குத் தண்டனையாகவும் மாற்றம் வரக் கூடாது. அது இருவரையும் கெடுக்கும். 1999-ல் மிச்சிகனில் ஒவ்வொரு இடைவேளையும் பரீட்சையானது அப்படித்தான். சீசன் முடிந்ததும் பையன் போனால் போகட்டும். நவம்பர் மாதச் சனிக்கிழமையில் முதல் ஆளின் முழங்கால் பிசகினால் களத்துக்குப் போகப்போவது அவர்தான். இதெல்லாம் தெரிந்தும் நான்காவது கால்பகுதி வரை காத்திருக்கும் பயிற்சியாளர், காயம் வரும் நாளில் அதிர்ஷ்டத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.