சைக்கிளுக்கும் இன்சூரன்ஸ்

கஞ்சிக்கோடு, வாளையாருக்குப் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே ஒரு தொழிலாளி 30,000 ரூபாய்க்கு கியர் சைக்கிள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது திருட்டுப் போனால்?

மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். சைக்கிளுக்கு அவரவர் விருப்பம். ஆனால் சைக்கிளுக்கு நம்பர் பிளேட் கிடையாதே! பிரேமில் பொறித்த எண்தான் அடையாளம். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். கடைக்காரர் அவசரத்தில் விட்டுவிடுவார். அந்த எண்ணைப் பில்லில் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பாலிசியிலும் அதே எண் இருக்க வேண்டும்.

திருட்டுப் போனால் உடனே போலீசில் புகார் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் தந்தவருக்கு இலவசம். கம்பெனிக்கும் தாமதிக்காமல் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

கம்பெனி பணம் தர மறுத்தால், முதலில் கம்பெனிக்கே முறையீடு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையா? கொச்சியில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.