ஒன்றரை ஸ்கொயர் ஒயரும் ஓம் வாத்தியாரும்

ஆம்ப்ளிஃபயர் ஒரு மூலையில், ஸ்பீக்கர்கள் எதிர்மூலையில். நடுவில் ஓடுகிற ஒயரை யாரும் கண்டுகொள்வதில்லை. அதையே பளபளப்பான டப்பாவில் போட்டு, 'ஸ்பெஷல் ஸ்பீக்கர் கேபிள்' என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கடைகளும் உண்டு. அந்த கேபிளை நாமே செய்துவிடலாம். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

கணக்குக்கு வழி காட்டியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜெர்மனியின் கொலோன் நகரில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்த கியோர்க் ஓம். அவருடைய அப்பா பூட்டுத் தொழிலாளி என்பதால் உலோக வேலை மகனுக்கும் கைவந்திருந்தது. வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாக மின்சுற்றில் இணைத்து, மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். 1827-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். கம்பி நீண்டால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 4 ஓம், 8 ஓம் என்று அதன் மின்தடை எழுதியிருக்கும். வாத்தியார் அங்கேதான் இருக்கிறார்.

எலக்ட்ரிக்கல் கடையில் 'ஒரு ஸ்கொயர்', 'ஒன்றரை ஸ்கொயர்' என்றுதான் ஒயர் கேட்பார்கள். உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு அத்தனை சதுர மில்லிமீட்டர். ஒரு ஸ்கொயர் செம்பு ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் கணக்கில் 10 மீட்டர் என்று போடுங்கள். மின்னோட்டம் போனால் போதுமா, திரும்பி வரவும் வேண்டுமே!

முதலில் மெல்லிய ஒயர், கால் ஸ்கொயர் என்று வைத்துக்கொள்வோம். 10 × 0.017 ÷ 0.25 = 0.68 ஓம். இதில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் திறனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஒயரைச் சூடாக்கவே செலவாகிவிடும். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் தடை 0.11 ஓம்தான். இழப்பு 3 சதவீதத்துக்கும் கீழே.

"சத்தம் குறைந்தால் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறோம்!" என்பீர்கள். ஆனால் விஷயம் சத்தத்தோடு முடியவில்லை. ஸ்பீக்கரின் மீது எழுதிய 4 ஓம் பெயருக்குத்தான். சுருதிக்குச் சுருதி அது மாறிக்கொண்டே இருக்கும். ஓர் ஒலிக்கு 4 ஓம் காட்டும் ஸ்பீக்கர் வேறோர் ஒலிக்கு 20 ஓம்கூடக் காட்டலாம். ஸ்பீக்கரின் தடை எங்கே குறைகிறதோ அங்கே ஒயர் அதிகம் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே மெல்லிய ஒயர் பாட்டின் நிறத்தையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது.

வெள்ளிக் கம்பி போடலாமா? செம்பைவிட நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் தடை குறைவு. அந்தக் காசுக்குச் செம்பிலேயே தடித்ததாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஏமாறக்கூடிய இடம் வேறு. சில மலிவு ஒயர்களில் மேலே மட்டும் செம்பு, உள்ளே அலுமினியம். இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்தின் தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இனி வேலை. பல மெல்லிய இழைகள் கொண்ட ஒன்றரை ஸ்கொயர் ஒயர், சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று. இரண்டையும் சேர்த்து முறுக்குங்கள். முறுக்கினால் நீளம் குறையும், ஆகவே கொஞ்சம் கூடுதலாக வெட்டுங்கள். போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் அவற்றின் காந்தப்புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். நுனிகளில் ஒரு சென்டிமீட்டர் மேலுறையைச் சீவி, இழைகளை இறுக்கிச் சுருட்டுங்கள். கத்தி பிடிக்கப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் சர்க்யூட்தான், ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம். மாட்டும்போது அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கியிருக்க வேண்டும். இந்த ஒயரை எந்தக் காரணத்துக்காகவும் சுவர் பிளக்கில் செருகக் கூடாது.

ஒயரில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு நிறம் எதற்கு? ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் ஒரு திசையில் போனால் கூம்பு முன்னால் தள்ளும், மறு திசையில் போனால் பின்னால் இழுக்கும். எதனோடும் இணைக்காத பழைய ஸ்பீக்கர் கிடைத்தால் 1.5 வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் ஒரே கணம் தொட்டுப் பாருங்கள். 'டப்' என்று கூம்பு முன்னால் வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ்.

இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதற்கு முன்னால் ஸ்பீக்கர்களின் இடைவெளி ஒன்றுமில்லை. ஆகவே ஒன்றின் அலையை மற்றது அழித்துவிடும். 5000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான், அது அவ்வளவு சுலபமாக அழியாது. தவில் முழங்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, ஆம்ப்ளிஃபயரை அணைத்து ஒரு பக்கத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி மாட்டிக் கேளுங்கள். தவிலின் வலந்தலையில் விரல்கள் எழுப்பும் சுளீர் கேட்கும், மறுபக்கத் தொப்பியின் 'தொம்' மெலிந்துபோயிருக்கும்.