மாணிக்கக் கல்லும் முதல் லேசரும்

மாணிக்கக் கல் ஏன் சிவப்பாக இருக்கிறது? தூய அலுமினியம் ஆக்சைடு படிகத்துக்கு நிறம் கிடையாது. அதில் பத்தாயிரத்துக்கு ஐந்து பங்கு குரோமியம் ஆக்சைடு கலந்துவிட்டால் போதும், கல் இளஞ்சிவப்பாகிவிடும். குரோமியம் பச்சை ஒளியையும் ஊதா ஒளியையும் விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைச் சிவப்பு ஒளியாகத் திருப்பித் தருகிறது. இந்தச் சின்னஞ்சிறு கலப்படந்தான் 1960ஆம் ஆண்டில் உலகின் முதல் லேசரைத் தந்தது. அது பிறந்த இடம் பல்கலைக்கழகம் அன்று. ஓர் ஆயுதக் கம்பெனியின் ஆய்வுக்கூடம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹோவர்டு ஹியூஸ் என்பவர் 1932இல் தொடங்கிய ஹியூஸ் ஏர்கிராஃப்ட் என்ற நிறுவனம் அது. பெயரில் விமானம் இருந்தாலும், 1950களில் அதன் முதன்மைத் தொழில் ரேடார், போர் விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள், ஃபால்கன் ஏவுகணை ஆகியவையே. அங்கே 1956இல் வேலைக்குச் சேர்ந்தார் தியோடர் மைமன் என்ற இளம் இயற்பியலர். சிறுவயதிலேயே வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துப் பணம் ஈட்டியவர். இராணுவத்துக்காக மேசர் என்ற நுண்ணலைப் பெருக்கியைச் செய்யும் பணி அவரிடம் வந்தது. இரண்டரை டன் எடையிருந்த அக்கருவியை அவர் இரண்டு கிலோவுக்கும் குறைவாக்கிக் காட்டினார். அந்தக் கருவியின் உள்ளே இருந்ததும் மாணிக்கம்தான்.

நுண்ணலையில் நடப்பது ஒளியிலும் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. அடிப்படைக் கருத்து ஐன்ஸ்டைன் 1917இலேயே சொன்னது. கிளர்ச்சியுற்ற அணு ஒன்றின் மீது, அது வெளியிடக்கூடிய அதே அதிர்வெண் கொண்ட ஒளி விழுந்தால், அணு தூண்டப்பட்டுத் தன் ஒளியையும் அதனுடன் சேர்த்து அனுப்பும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதைத் தூண்டு உமிழ்வு என்பர். 1958இல் டௌன்ஸ், ஷாலோ என்ற இருவர் இதைக் கொண்டு ஒளிப் பெருக்கியைச் செய்யும் வழியை எழுதி வெளியிட்டதும், பல ஆய்வுக்கூடங்கள் போட்டியில் இறங்கின.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு மூன்றடுக்கு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குரோமியம் அணுக்கள் எல்லாம் சாதாரணமாகக் கீழ்த்தளத்தில் இருக்கும். பச்சை ஒளியைப் பெற்றவை மொட்டை மாடிக்குத் தாவும். அங்கே நிற்க முடியாமல், ஒளி எதுவும் விடாமலே நடுமாடிக்கு இறங்கிவிடும். நடுமாடியில் மட்டும் சற்று இளைப்பாறும். சற்று என்பது ஏறத்தாழ 3 மில்லி விநாடி! சாதாரணக் கிளர்ச்சி நிலையின் ஆயுள் விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே. இது அதைப்போல் மூன்று லட்சம் மடங்கு. பிறகு கீழ்த்தளத்துக்கு இறங்கும்போதுதான் சிவப்பு ஒளி வரும். ஒளி பெருக வேண்டுமானால் நடுமாடியில் இருப்பவை கீழ்த்தளத்தில் இருப்பவற்றைவிட அதிகமாக வேண்டும். இல்லாவிட்டால் பிறந்த ஒளியைக் கீழே உள்ள அணுக்களே விழுங்கிவிடும். ஆக, மொத்த அணுக்களில் பாதிக்கு மேல் மாடியேற்ற வேண்டும்.

'இது நடவாது, மாணிக்கம் உதவாது' என்று ஷாலோவே 1959இல் ஒரு மாநாட்டில் கூறினார். இன்னொரு கணக்கும் மாணிக்கத்துக்கு எதிராக நின்றது. அது விழுங்கும் ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்குதான் சிவப்பாகத் திரும்புகிறது என்று ஓர் ஆய்வாளர் அளந்து வெளியிட்டிருந்தார். மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டு வாயுக்களின் பக்கம் திரும்பினர். மைமன் மட்டும், மீதி 99 பங்கு எங்கே போகிறது என்று தேடினார். அது தெரிந்தால் வேறு நல்ல படிகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர் எண்ணம். அளந்து பார்த்தபோது 99 பங்கு எங்கும் போகவில்லை! நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிவப்பாகவே திரும்பி வந்தது. பழைய அளவீடு பிழையானது. என்னைக் கேட்டால், லேசர் பிறந்த நாள் விளக்கு மின்னிய நாளன்று. இந்த அளவீடு முடிந்த நாளே.

இனி வேண்டியது மிகப் பிரகாசமான ஒரு விளக்கு. தொடர்ந்து எரியும் விளக்குகளில் அவ்வளவு பிரகாசம் கிடைப்பது அரிது. ஆனால் விளக்கு தொடர்ந்து எரிய வேண்டும் என்று யார் சொன்னார்கள்? புகைப்படக்காரர்களின் மின்வெட்டு விளக்கு, கணநேரமே என்றாலும், சூரியப் பரப்பையும் மிஞ்சும் பிரகாசம் தரும். விற்பனைப் பட்டியல்களைப் புரட்டி, சுருள் வடிவில் இருந்த செனான் விளக்கொன்றை அவர் தேர்ந்தார். அதன் நடுவே விரல் நுனி அளவு மாணிக்க உருளையை வைத்தார். உருளையின் இரு முனைகளிலும் வெள்ளிப் பூச்சு. ஒரு முனையில் மட்டும் ஒளி வெளியேறச் சிறு துளை. 1960 மே 16 அன்று மாலிபு நகரில் விளக்கின் மின்னழுத்தத்தை அவரும் உதவியாளரும் படிப்படியாக உயர்த்தினர். ஓர் எல்லையைத் தாண்டியதும் சிவப்பு ஒளி திடீரென்று பன்மடங்கு பெருகிற்று. அலைநீளம் 694.3 நானோமீட்டர், பழைய நூல்களில் 6943 ஆங்ஸ்ட்ராம் என்றிருக்கும்.

இதற்கு ஹியூஸ் நிறுவனம் தன் சொந்தப் பணத்திலிருந்து செலவிட்டது 50,000 டாலர். வேறொரு நிறுவனத்துக்கு இராணுவம் இதே வேலைக்காகப் பத்து லட்சம் டாலரை ஒட்டிய தொகை வழங்கியிருந்தது. ஆனால் பணத்தோடு இரகசியக் காப்பும் வந்தது. அங்கே திட்டத்தின் கருத்தைத் தந்தவரே கார்டன் கோல்டு என்பவர். அவருடைய பழைய அரசியல் தொடர்புகளைக் காரணம் காட்டி அவருக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். தம் கருத்திலிருந்து பிறந்த வேலையில் அவரே கைவைக்க முடியவில்லை. மைமனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவருடைய கட்டுரையையும் ஓர் இயற்பியல் இதழ் திருப்பி அனுப்பியது. இங்கிலாந்தின் நேச்சர் இதழ்தான் ஆகஸ்டு 6 அன்று ஒரு பக்கத்துக்கும் குறைவாக அதை வெளியிட்டது. அதற்குள் செய்தித்தாள்கள் 'மரணக் கதிர்' என்று முழங்கிவிட்டிருந்தன. உண்மையில் அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே மாணிக்க லேசர் நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை அழிக்கப் பயன்பட்டது.

நிறுவனத்துக்கோ தூரம் அளக்கும் கருவி தேவைப்பட்டது. ஒளித்துடிப்பை இலக்கின் மீது அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். ஒரு கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு ஏறத்தாழ 6.7 மைக்ரோ விநாடி ஆகும். ஆனால் முதல் லேசரின் துடிப்பு ஏறக்குறைய அரை மில்லி விநாடி நீடித்தது. அந்நேரத்தில் ஒளி 150 கிலோமீட்டர் ஓடிவிடும்! 150 கிலோமீட்டர் நீளக் கோலைக் கொண்டு ஒரு கிலோமீட்டரை எப்படி அளப்பது?

அதே நிறுவனத்தின் ஹெல்வார்த் என்பவர் வழி கண்டார். ஏரி நிரம்பும்வரை மதகை மூடி வைத்துப் பிறகு சட்டென்று திறப்பதைப் போன்றது அது. மாணிக்கத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் நைட்ரோபென்சீன் என்ற திரவம் நிரம்பிய கலத்தை வைத்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அது ஒளிக்குக் கதவாக இயங்கும். அணுக்கள் மாடியில் நிறைந்தபின் கதவைத் திறந்தால், ஆற்றல் முழுவதும் விநாடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் கொட்டிவிடும். கோலின் நீளம் 30 மீட்டராகச் சுருங்கியது.

1962இல் இந்தக் கருவியை ஆராய்ந்த உட்பரி, இங் என்ற இருவர் ஒரு விந்தையைக் கண்டனர். 694.3 மட்டுமே வரவேண்டிய இடத்தில், ஏறத்தாழ 767 நானோமீட்டரில் வலுவான அகச்சிவப்பு ஒளியும் வந்தது. மாணிக்கத்தில் அப்படி ஓர் ஒளி கிடையாது. குற்றவாளி அந்தக் கதவுதான். நைட்ரோபென்சீன் மூலக்கூறு விநாடிக்கு 40 லட்சம் கோடி முறை அதிரக்கூடியது. மாணிக்க ஒளியின் அதிர்வெண் 432 லட்சம் கோடி. கழித்தால் 392. ஒளியின் வேகத்தை இதனால் வகுத்துப் பாருங்கள்: 765 நானோமீட்டர் வரும். முழு எண்களாக்கியதால் வந்த சிறு வேறுபாடு அது. நம் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவேதான் இது! இராமன் கண்ட ஒளி மிக மங்கலானது. பாதரச விளக்கை மணிக்கணக்கில் எரித்துப் படம் எடுக்க வேண்டியிருந்தது. இங்கே அதே சிதறல் ஒளி, லேசரின் வலிமையால் தூண்டப்பட்டுத் தானும் ஒரு லேசராகிவிட்டது. இதைத் தூண்டு இராமன் சிதறல் என்று பெயரிட்டார்கள். நெடுந்தொலைவுக் கண்ணாடி இழைத் தடங்கள் சிலவற்றில், வழியில் மங்கிவிடும் ஒளிச்செய்தியை இழைக்குள்ளேயே பெருக்கிவிட இன்று இதுவே பயன்படுகிறது.