கதவைத் திறக்காமலே ஐஸ்! ஆனால் அது எந்தத் தண்ணீர்?

ஐஸ் என்பது ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய அதிசயம். சென்னை மெரினாவுக்கு எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காக 1842-ல் கட்டியதுதான். இன்றும் அந்தப் பக்கத்தை ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதானே சொல்கிறோம்! இப்போதோ ஃப்ரிஜ் கதவைக்கூடத் திறக்க வேண்டாம். டம்ளரை வைத்து அழுத்தினால் ஜில்லென்று தண்ணீர், இன்னொரு பட்டனை அழுத்தினால் கடகடவென்று ஐஸ். சௌகரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் சௌகரியத்துக்குப் பின்னால் இல்லத்தரசியின் கவனமும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெண் எனக்குத் தங்கை மாதிரி. போன கோடையில் அவளுடைய எட்டு வயதுப் பையன் மஞ்சள் காமாலையில் மூன்று வாரம் படுத்துவிட்டான். துணைக்கு நானும் டாக்டரிடம் போயிருந்தேன். “தண்ணீர் எப்படி?” என்று கேட்டார். “தினமும் கொதிக்க வைத்து ஆற வைத்துத்தான் கொடுக்கிறேன், டாக்டர்” என்றாள். “சரிம்மா, ஐஸ்?” என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்கு மட்டும் குழாயிலிருந்து போர் தண்ணீர்! குடிப்பது கொதித்த தண்ணீர், அதில் மிதப்பது கொதிக்காத தண்ணீர். பையன் வெளியிலும் ஏதேதோ தின்றிருக்கிறான். அதனால் காரணம் இதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் டாக்டரின் அந்த ஒரு கேள்வி எங்கள் குடியிருப்புப் பெண்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது.

“உறைந்து போனால் கிருமி செத்துப் போகாதா?” என்று என் மாமியாரே கேட்டார். சாகாது. குளிரில் பல கிருமிகள் சும்மா உறங்கும். ஐஸ் கரைந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் காமாலைக் கிருமியும் டைபாய்டுக் கிருமியும் ஐஸில் பிழைத்திருக்கக் கூடியவை. ஆகவே முதல் விதி இதுதான்: குடிக்க லாயக்கில்லாத தண்ணீர் ஐஸுக்கும் லாயக்கில்லை.

இந்த ஃப்ரிஜ்களில் இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் கதவின் உட்புறம் சின்னத் தொட்டி இருக்கும். நாமே தண்ணீர் ஊற்ற வேண்டும். மற்றொன்றில் பின்பக்கம் மெல்லிய குழாய் மூலம் தண்ணீர் தானாக வரும். அச்சில் தண்ணீர் நிரம்பும், உறையும், கட்டிகள் கழன்று கீழே பெட்டியில் விழும். பெட்டி நிரம்பினால் ஒரு கம்பியோ கண்ணோ அதை உணர்ந்து நிறுத்திவிடும். ஐஸ் வரவில்லை என்றால் மெக்கானிக்குக்குப் போன் செய்யும் முன், அந்தக் கம்பி மேலே தூக்கியபடி இருக்கிறதா, கட்டிகள் ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

தொட்டி வைத்த ஃப்ரிஜ் என்றால் கொதித்து ஆறிய தண்ணீரையோ, நல்ல சுத்திகரிப்புக் கருவியில் பிடித்த தண்ணீரையோ மட்டும் ஊற்றுங்கள். சூடாக ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வளைந்துவிடும். பிள்ளைகள் நன்னாரி சர்பத்தையும் ஜூஸையும் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் சர்க்கரை தங்கினால் பிசுபிசுத்து, பூசணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் தீராத தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வாரம் ஒரு தடவை தொட்டியைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்புப் போட்டு, மூலை முடுக்கெல்லாம் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். விரலால் தடவினால் வழவழப்பு இருக்கக் கூடாது.

குழாய் இணைத்த ஃப்ரிஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்த மெக்கானிக், “உள்ளேயே ஃபில்டர் இருக்கும்மா, எதைக் கொடுத்தாலும் சுத்தமாக்கிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி நம்பிவிடாதீர்கள். அந்த ஃபில்டர் பெரும்பாலும் கரி ஃபில்டர். குளோரின் வாடையையும் தூசியையும் எடுக்கும். உப்பை எடுக்காது. கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லும் என்றும் சொல்ல முடியாது. வரும் தண்ணீரே குடிநீராக இருக்க வேண்டும். ஃபில்டரைச் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். நான் ஒரு சின்னத் தாளில் மாற்றிய தேதியை எழுதி ஃப்ரிஜ்ஜின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். புது ஃபில்டர் போட்டால் முதலில் சில லிட்டர் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிடுங்கள். கறுப்பாகக் கரித்தூள் வந்தால் பயப்பட வேண்டாம். ஃப்ரிஜ் புதிது என்றால் முதல் நாள் ஐஸையும் கொட்டிவிடுவது நல்லது.

கட்டிகள் சின்னச் சின்னதாக, நடுவே பொள்ளலாக விழுகின்றனவா? தண்ணீர் வேகம் போதவில்லை, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாடித் தொட்டிக்குக் கீழே ஒரே மாடி இறக்கத்தில் இருக்கும் வீடுகளில் இது சகஜம். ஐஸ் கரைந்த பிறகு டம்ளர் அடியில் வெள்ளையாகத் தூள் படிந்தால் அது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு. கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் தண்ணீர் கடினமானது என்று சொல்கிறது. அதே உப்புதான் தண்ணீர் வரும் வாயிலும் ஏடு கட்டும். கொஞ்சம் வினிகரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிஷம் வைத்துத் துடைத்தால் போய்விடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். விஷ வாயு கிளம்பும்.

டம்ளர் வைக்கும் இடத்தில் இருக்கும் தட்டு நிறைய ஃப்ரிஜ்களில் எந்தக் குழாயோடும் சேர்ந்ததில்லை. சிந்தும் தண்ணீர் அங்கேயே நிற்கும். தினம் ராத்திரி அடுப்படியைத் துடைக்கும்போது அதையும் துடைத்துக் காய வையுங்கள்.

ஐஸில் மீன் வாடை, வெங்காய வாடை வருகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். ஐஸ் வாடையை இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. உள்ளே வைக்கும் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். பழைய ஐஸைக் கொட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கரைத்துப் பெட்டியைக் கழுவித் துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள். வாடை பறந்துவிடும்.

கரண்ட் போய் வெகுநேரம் கழித்து வந்தால் பெட்டியில் உள்ள கட்டிகள் கரைந்து, மறுபடி ஒரே பாறையாக உறைந்துவிடும். கத்தியால் குத்தாதீர்கள். பெட்டியை வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் தானே விட்டுவிடும். அந்த ஐஸைக் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது தண்ணீர் வால்வை மூடி, ஐஸ் மெஷினை நிறுத்தி, தொட்டியையும் பெட்டியையும் காலி செய்து காய வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் முதலில் வரும் தண்ணீரையும் ஐஸையும் கொட்டிவிடுங்கள். தேங்கிக் கிடந்த தண்ணீரைக் குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் பெரிய வேலையே இல்லை, சகோதரிகளே. வாரத்துக்குப் பதினைந்து நிமிஷம், ஆறு மாதத்துக்கு ஒரு ஃபில்டர். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவரோ இருந்தால் இன்றைக்கே உங்கள் ஃப்ரிஜ்ஜுக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்று பின்னால் எட்டிப் பாருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் உங்கள் பாடு ஒரு ஐஸ் கட்டியால் வீணாக வேண்டாமே!