குட்டை முள் நிமிடம் காட்டும் கிராட்ஸ் மணிக்கூண்டு

ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராட்ஸில், ஷ்லாஸ்பெர்க் குன்றின் மீதுள்ள மணிக்கூண்டை முதன்முறை காண்போர் நேரத்தைத் தவறாகவே கணிப்பர். அதில் நீண்ட முள் மணியையும், குட்டை முள் நிமிடத்தையும் காட்டுகின்றன. தொலைவிலிருந்தும் தெரியும் வகையில் தொடக்கத்தில் பெரிய மணி முள் மட்டுமே இருந்தது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட நிமிட முள், வேறுபாடு தெரிவதற்காகச் சிறியதாக அமைக்கப்பட்டது.

மணிக்கூண்டைத் தாங்கி நின்ற கோட்டையோ இன்று பெரும்பாலும் இல்லை. 1809-ஆம் ஆண்டு நெப்போலியனின் படைகள் முற்றுகையிட்டும் அதனைக் கைப்பற்ற இயலவில்லை. ஆயினும், அதே ஆண்டு கையெழுத்தான ஷான்ப்ரூன் அமைதி உடன்படிக்கைக்குப் பின்னர் அது தகர்க்கப்பட்டது. போரில் வீழாத கோட்டை காகிதத்தில் வீழ்ந்தது என்றே கூறலாம். மணிக்கூண்டையும், ‘லீசல்’ எனப்படும் பெருமணி தொங்கும் மற்றொரு கோபுரத்தையும் மட்டும் நகர மக்கள் பணம் செலுத்தி இடிபடாமல் மீட்டனர்.

குன்றின் உச்சிக்கு 1894 முதல் மலை ரயில் இயங்குகிறது. பாறைக்குள் மின்தூக்கியும் உண்டு. நடக்க விரும்புவோருக்கு 260 படிகள் உள்ளன. முதல் உலகப் போர்க் காலத்தில் இப்பாதையை அமைத்தவர்களில் ரஷ்யப் போர்க் கைதிகளும் அடங்குவர்.

மணிக்கூண்டில் மணி நேரத்தை ஒலிக்கும் மணி 1382-இல் வார்க்கப்பட்டது. 1587-ஆம் ஆண்டைச் சேர்ந்த லீசல், நாள்தோறும் காலை 7, நண்பகல் 12, மாலை 7 மணிக்கு 101 முறை ஒலிக்கிறது. முள்களைப் பார்த்துக் குழம்புவோருக்கு அதுவே உதவி.