உங்களுக்குத் தெரியுமா? கடை வாசல் வரிசை
மலேசியாவின் முதல் ஆப்பிள் கடை 2024 ஜூன் 22, சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் பேரங்காடியில் திறக்கப்பட்டது. கதவு திறக்குமுன்பே நீண்ட வரிசை. அதே ஆண்டு செப்டம்பர் 20இல் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தது. முதல் சுற்று நாடுகளில் மலேசியாவும் ஒன்று.

கோலசிலாங்கூர்க்காரர் அந்தக் கடைக்குப் போக இஜோக் வழியாகச் சுங்கை பூலோ வரவேண்டும். அங்கிருந்து எம்ஆர்டி ரயில் டிஆர்எக்ஸிலேயே இறக்கிவிடும்.

கடை வாசல் வரிசை புதிதென்றாலும், விடியுமுன் வரிசையில் நிற்பது கோலசிலாங்கூர் வட்டாரத் தமிழர் நன்கறிந்ததே. அக்கால ரப்பர் தோட்டங்களில் அதற்குப் பெரட்டு என்று பெயர். இருட்டில், கையில் பால்வெட்டும் கத்தியும் பால் சுமக்கும் காண்டா வாளியுமாக ஆணும் பெண்ணும் நிற்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார். பெயர் பதிந்தால்தான் அன்றைய வேலை, கூலி. பிள்ளையைத் தூக்கத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவந்த தாய்மாருக்கு அந்தச் சில நிமிடங்கள் மிகக் கடினமானவை.